இடது கைக்கு மட்டும்

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோபித்துக்கொண்டு பழவேற்காட்டில் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டால் நான் இறங்கி வருவேன் என்று நினைத்தீர்களா?

அளவு அட்டையைப் புரட்டி வைத்துத் தோலை வெட்டியது நீங்கள். பன்னிரண்டு துப்பாக்கி உறைகளும் இடது கைக்காரர்களுக்கு என்றாகிப் போயின. மூன்று வருடமாக விலைபோகவில்லை. உள்ளதைச் சொல்லிப் பாதி விலைக்குக் கொடுப்போம் என்றேன். நீங்களோ தேர்வாய் கண்டிகை கம்பெனி ஆர்டரில், நல்ல உறைகளுக்கு அடியில் ஆறைச் சொருகி அனுப்பினீர்கள்.

அந்தக் கம்பெனிக் காவலாளி ஒருவர் நம் வாசலில் வந்து நின்று கேட்டார்: "இன்னாம்மா, திருடன் வந்தா, 'கொஞ்சம் இருப்பா, கைய மாத்திக்கினு வர்றேன்'னு சொல்லணுமா?"

நல்ல உறைகளைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். அதற்கா என்னைக் குடிகெடுக்க வந்தவள் என்றீர்கள்? குறையை மறைத்து விற்ற காசில் ஆக்கிய சோற்றுக்கு எந்த வாயால் பிஸ்மில்லாஹ் சொல்வது?

நேற்று "இடது கைக்கு மட்டும், பாதி விலை" என்று எழுதி மாட்டினேன். பேங்க் காவல்காரர் ஒருவர் இடுப்பில் கட்டிப் பார்த்தார். "இருவது வருசமா வலது கை உறையோட மாரடிக்கிறேன். ஒருத்தனும் எந்தக் கைன்னு கேக்கல" என்று முழு விலையையும் நீட்டினார். பாதிதான் வாங்கினேன்.

முதலில் தேர்வாய் கண்டிகைக்குப் போய் அந்தக் காவலாளியிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு வீட்டுக்கு வாருங்கள். கேட்டீர்களா என்று அவரிடமே விசாரித்துக்கொள்வேன். உங்கள் வாயை நம்புவதாக இல்லை.

கோபம் தீராத,
உங்கள் வீட்டுக்காரி