மிச்ச வெளிச்சம்

பால்டிமோர்
12-3-1978

அன்புள்ள வேலுத்தாய்க்கு,

உன் கடித உறைக்குள் தேயிலைத் தூசி ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். எஸ்டேட்டின் கொழுந்து எடைக் கொட்டகையில் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, "ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிவு" என்று சொல்லி பறிப்பவர்களிடம் நீ வசவு வாங்கிய நாட்கள் ஞாபகம் வந்தன. அங்கேதான் உன்னை முதலில் பார்த்தேன்.

இங்கே என் வேலையும் கழிப்பதுதான். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை எங்கள் ராக்கெட் ஐந்து நிமிடம் அளந்து வந்தது. நட்சத்திரங்களின் பங்கையும் விண்தூசியின் பங்கையும் கழித்த பிறகும், வானம் முழுக்க மெல்லிய வெளிச்சம் மிஞ்சுகிறது. நட்சத்திரக் கூட்டங்களைச் சிதறாமல் பிடித்து வைத்திருக்கும் இருண்ட பொருள் ஒன்று உண்டு என்கிறார்கள். யாரும் பார்த்ததில்லை. அது சிதைவதால் வரும் ஒளிதான் இது என்று நினைக்கிறேன். உறுதியானால் இன்னும் மூன்று வருடம் வேலை தருவார்கள். கோபப்படாதே.

உன்
சுருளிவேல்

தேவிகுளம்
2-4-1978

அன்புள்ள மச்சானுக்கு,

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இரண்டு வருடம் என்று சொல்லிப் போனீர்கள், ஐந்தாகிவிட்டது. "வானத்த அளக்குறவன் நம்ம தகரக் கூரைய எப்பப் பாப்பான்?" என்று அத்தை தினமும் கேட்கிறார்.

ஒரு சந்தேகம். காலையில் நிறுத்த கொழுந்தை வெயில் ஏறியபின் மறுபடி நிறுத்தால் எடை குறையும். குறைந்தது தண்ணீர், இலை இல்லை. உங்கள் மிச்ச வெளிச்சம், ராக்கெட் ஏற ஏற ஒரே அளவாக இருந்ததா?

வேலுத்தாய்

தேவிகுளம்
11-4-1978

மச்சான்,

பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். உங்கள் கணக்கு தப்பானால் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்ற ஆசையில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். உங்கள் உழைப்பு கெட வேண்டும் என்று நினைத்தவளா நான்? அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

வேலு

பால்டிமோர்
9-5-1978

என் வேலுவுக்கு,

ஒரே அளவாக இல்லை. ராக்கெட் ஏற ஏறக் குறைந்திருக்கிறது. அத்தனை தூரத்திலிருந்து வரும் ஒளி நூறு மைல் ஏறினால் மங்காது. நம் பூமியின் காற்றே உயரத்தில் மினுங்கியிருக்கிறது; ராக்கெட் அதைக் கடந்து ஏற ஏற அந்த மினுக்கமும் குறைந்திருக்கிறது. பக்கத்திலிருந்த வெளிச்சத்தைத் தொலைதூரத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதையும் கழித்தேன். சொல்லும்படி ஒன்றும் மிஞ்சவில்லை.

கணக்கைத் திரும்பப் போட்டு முடித்தபின் நாலு நாள் உன்மேல் ஆத்திரமாக இருந்தேன். அப்புறம்தான் உன் இரண்டாவது கடிதம் வந்தது. எதையும் கிழிக்கவில்லை. எந்த ஆசையில் கேட்டாலும் கேள்வி சரியானது. இங்கே படித்தவர்கள் மூன்று பேர் கேட்கத் தவறியது. நீ கேட்டதாகவே எல்லோரிடமும் சொன்னேன். இருண்ட பொருள் இல்லாமல் போய்விடவில்லை. என் ஒளியில் அது சிக்கவில்லை, அவ்வளவுதான். வேறு யாராவது தேடட்டும்.

வேலை ஜூனோடு முடிகிறது. ஜூலை பதினைந்தாம் தேதி கிளம்புகிறேன். அங்கே மழை பிடித்திருக்கும். முழுக்க நனைந்துதான் வாசலில் வந்து நிற்பேன். ஈரத்துக்குக் கழிவு போடாமல் என்னை உள்ளே எடுத்துக்கொள்.

சுருளிவேல்