பெயர் நெய்யாத லேபிள்

மிஸ்,

சாகுல் அந்தப் பையின் ஜிப்பைக் கீழே இழுத்ததும் முதலில் வெளியே வந்தது பகூர் சாம்பிராணிப் புகையின் வாசம். இத்தனை வருடம் அலமாரிக்குள் அடைந்து கிடந்தும் அது போகவில்லை. அப்புறம்தான் துணி தெரிந்தது. மோர் நிறப் பட்டு. கழுத்தின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாலு பக்கமும் கைத்தையல் போட்ட வெள்ளை லேபிள் இருந்தது. அதில் ஓர் எழுத்தும் இல்லை. கடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நம்ம மேடத்து உடுப்புதானேக்கா? எனக்கு அப்பவே தட்டுச்சு, அதான் உங்களைக் கீழ வரச் சொன்னேன்" என்றான் சாகுல்.

உங்கள் வில்லாவில் கடைசி வரை கத்திரி பிடித்த அதே கீழக்கரை சாகுல்தான். அல் ஐனில் என் மகன் குடியிருக்கும் கட்டிடத்துக்குக் கீழே, துணி பிடித்துத் தைக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறான். விளிம்பு மடிக்க இன்னும் அவசரப்படுகிறான். நான் சொல்லி அலுத்துவிட்டேன்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. உங்களிடம் பேசிய ஆங்கிலத்தை வேறு யாரிடமும் பேச எனக்கு மனமில்லை. நீங்கள் படிக்கப்போவதுமில்லை. ஆகவே என் மொழியிலேயே எழுதுகிறேன்.

போன மாதம் உங்கள் தம்பி மகனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒழுங்கான ஆங்கிலம், அந்த அளவுக்கு அவனை மதிக்கிறேன். அமெரிக்காவில், ஒஹையோவில் உங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் உங்களுக்கென்று ஓர் அறை ஒதுக்குகிறார்களாம். முதல் சுவரில், கார் இருக்கைகளுக்கு உறை தைத்துப் பிழைத்த உங்கள் அம்மாவும் அவர் இயந்திரமும். இரண்டாவதில் நியூயார்க். டைப்பிஸ்ட் பெண்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய, நீங்கள் வடிவமைத்த ஒற்றைப் பொத்தான் கோட். மூன்றாவதில் உங்கள் பெயரிலிருந்த கம்பெனியை விற்ற கதை. நாலாவது சுவருக்கு அவனிடம் ஒன்றுமில்லை. ஒரே ஓர் உடுப்பு, அதுவும் முடியாவிட்டால் ஒரே ஒரு போட்டோ கிடைத்தால் போதும் என்று கேட்டிருந்தான். கிடைக்காவிட்டால், பெயரை விற்றபின் ஓய்வுபெற்று வளைகுடாவில் காலமானார் என்று எழுதி முடித்துவிடுவார்களாம்.

ஓய்வு. நீங்களா!

என்னை வேலைக்கு எடுத்த நாள் நினைவிருக்கிறதா? ருவைஸ் எண்ணெய் ஆலையில் என் கணவர் இறந்து, ஊருக்குத் திரும்பினால் மைத்துனர்கள் வீட்டில் ஒரு மூலைதான் என்று தெரிந்த நேரம். ஆங்கிலமும் ஓரளவு அரபியும் தெரிந்த பெண் தேவை என்று யாரோ சொல்லி வந்தேன். நீங்கள் சான்றிதழ் கேட்கவில்லை. ஒரு பாவாடையை நீட்டினீர்கள். இடது பக்கம் விளிம்பு தொங்குகிறது என்றேன்.

"யார் கற்றுக்கொடுத்தது?"

"தூத்துக்குடியில், கான்வென்ட் சிஸ்டர்கள்."

"அடிப்பார்களா?"

"மாட்டார்கள். பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்வார்கள்."

"அதற்கு அடியே மேல்" என்று சிரித்தீர்கள். அன்றே உங்களை மிஸ் என்று அழைத்தேன். "இரண்டு தடவை விவாகரத்து ஆனவளை மிஸ் என்று கூப்பிடும் முதல் ஆள் நீ" என்றீர்கள். பழக்கம் மாறவில்லை.

கம்பெனியை விற்றபோது பெயரும் சேர்ந்து போய்விட்டதை எனக்குப் பிறகுதான் சொன்னீர்கள். வாங்கியவர்கள் மட்டமான இரவு உடைகளில் உங்கள் பெயரைத் தைத்து விற்றார்கள். உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். உங்கள் பெயரை நீங்களே ஒரு துணியில் தைத்தால் வழக்கு. "என் பெயரை உரிமையோடு நான் கடைசியாக எழுதியது அந்த விற்பனைப் பத்திரத்துக் கையெழுத்தில்தான்" என்பீர்கள், பால் விடாத சுலைமானித் தேநீரில் சர்க்கரையைக் கலக்காமலே. ஒரே ஒரு கல்யாண உடுப்புக்காக இந்த ஊருக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டீர்கள்.

இங்கே கல்யாண மண்டபத்தில் பெண்கள் தனி. வாசலில் போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே பெண்ணின் உடுப்பைப் பார்ப்பவர்கள் பெண்கள் மட்டும். பார்த்தது அவர்கள் கண்ணோடு சரி. நம் வில்லாவிலும் அதே சட்டம். வாசலில் அந்த நீல பிஸ்கட் டின். வருகிறவர்கள் போன், என் போன், உங்கள் போன் எல்லாம் அதற்குள். சாகுலும் மற்ற தையல்காரர்களும் பின்கட்டில் இருந்தார்கள். தாங்கள் தைத்த உடுப்பை ஒரு பெண் போட்டு நின்று அவர்கள் பார்த்ததே இல்லை. முதல் அளவெடுப்பிலேயே நீங்கள் வாக்குக் கொடுப்பீர்கள். படம் எடுக்க மாட்டோம். வேற்று ஆண் பார்க்க மாட்டான். வரைந்த தாளும் வெட்டிய பேப்பர் பேட்டர்னும் உடுப்போடு பெண்ணிடமே போய்விடும், இன்னொருத்தி இதைப் போட முடியாது. சொன்னபடியே எல்லாவற்றையும் சுருட்டி, ரிப்பன் கட்டிக் கொடுத்தனுப்பினோம். நம்மிடம் எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சக் கூடாது என்பதில் நாம் இருவருமே கெட்டி.

லேபிள் மட்டும் உங்கள் பிடிவாதம்.

"பேரு இல்லாத லேபிள் எதுக்கு மேடம், முதுகு சொறியவா?" என்று சாகுல் ஒருநாள் கேட்டான். நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். நீங்கள் சிரித்துவிட்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "பெயர் இருக்க வேண்டிய இடமாவது இருக்கட்டும்" என்றீர்கள்.

இப்போது அந்த இடம் என் மடியில் கிடந்தது. இந்த உடுப்பைச் சிறுமிகளுக்கு இரண்டு கவுனாக வெட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றான் சாகுல். பெருநாளைக்கு முன் வேண்டுமாம். யார் என்று கேட்டேன். ஷம்சா. உங்களுக்கு மறந்திருக்காது. அளவெடுக்கும்போது கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டே இருந்த பெண்.

சாகுல் போன் செய்து அவளை வரவழைத்தான். அபாயாவும் கையில் சாவியுமாக வந்தாள். உடம்பு பெருத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. சாகுல், "நான் ஒரு டீ அடிச்சிட்டு வரேன்" என்று வெளியே போய்விட்டான்.

"உம் யூசுப்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். உம் என்றால் அம்மா; என் மகன் ஜோசப் இவர்களுக்கு யூசுப். "மிஸ் எங்கே?"

சொன்னேன். வாயை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு அருங்காட்சியகத்தைப் பற்றியும் நாலாவது சுவரைப் பற்றியும் சொல்லி, இந்த உடுப்பைக் கொடுப்பாயா என்று கேட்டேன். மிஸ், நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை. கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே, முடியாது என்று தலையை ஆட்டினாள். "மாஃபி, உம் யூசுப்."

"சாகுலும் ஆண்தான், அவனிடம் மட்டும் கொடுத்திருக்கிறாயே?"

"சாகுல் பாய்க்கு இது துணி. அங்கே கண்ணாடிக்குள் நிற்க வைத்தால் இது நான். முன்பின் தெரியாத ஆண்கள் என்னைச் சுற்றி நடப்பார்கள்."

"ஒரு படம்? மடித்து வைத்தபடியே?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. "மிஸ் எனக்கு வாக்குக் கொடுத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குப் புரியவில்லை. நீங்கள்தான் அரபியில் சொன்னீர்கள். அந்தக் குரலை நம்பித்தான் நான் கையைத் தூக்கி அளவு கொடுத்தேன்."

உடுப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவள் கார் திரும்பியதும் சாகுல் உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். போனை வெளியே எடுத்தான். "ஒரு கிளிக்குக்கா. அதுல முகமா இருக்கு? அமெரிக்காக்கு அனுப்பிட்டு உடனே அழிச்சுடுவோம். மேடத்துக்காக."

உடுப்பு மேசைமேல் கிடந்தது. வெளிச்சமும் நன்றாக இருந்தது. ஒரு விரல் அழுத்தினால் நீங்கள் ஓய்வுபெற்றவர் இல்லை.

"டின் எங்கே, சாகுல்?" என்றேன்.

"எந்த டின்?" என்றவனுக்கு உடனே புரிந்துவிட்டது. போனைப் பொத்தான் டப்பாவுக்குள் போட்டு மூடினான். "நீங்க மாறவே மாட்டீங்க. கலாஸ், முடிஞ்சுது" என்றான்.

வெட்ட அவனை விடவில்லை. நானே பிரித்தேன். உங்கள் தையல் பிரிவதற்கு இசையாது. கண்ணாடி போட்டும் எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பக்கவாட்டில் மூட்டே இல்லாமல் அந்த இடுப்பை எப்படி நிறுத்தினீர்கள் என்பது பிரிக்கும்போதுதான் முழுதாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே அழித்தேன். கடைசியில் மேசைமேல் துண்டுகள்தான் கிடந்தன. அவற்றைப் பார்க்கிற யாரும் அதை ஓர் உடுப்பு என்று சொல்லமாட்டார்கள்.

லேபிளைப் பெரியவளின் கவுன் கழுத்தில் நானே தைத்தேன். பெருநாள் முடிந்து சாகுல் போன் செய்தான். "பாப்பாவுக்குக் கழுத்துல அரிக்குதாம். அதை எடுத்துடச் சொல்றாங்க. என்ன பண்ண?" எடுத்துவிடு, துணி கிழியாமல் எடு என்றேன். அதை என்ன செய்தான் என்று கேட்கவில்லை. குப்பையில் போட்டேன் என்று அவன் சொல்லி நான் கேட்க வேண்டாம்.

உங்கள் தம்பி மகனுக்குப் பதில் போட்டேன். அவர் கடைசி வரை வேலை செய்தார், அதற்கு நான் சாட்சி, காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று எழுதினேன். மரியாதையாக நன்றி சொல்லியிருந்தான். நிர்வாகக் குழு ஆதாரம் கேட்கிறதாம். அந்தச் சுவரில் ஒரு சன்னல் இருப்பதால் அப்படியே விட்டுவிடப் போகிறார்களாம்.

வாக்கைக் காப்பாற்றிவிட்டோம், மிஸ். எனக்கு அதில் பெருமை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

காலையில் ஜெபமாலை முடித்ததும் உங்கள் உடுப்புகளை ஒவ்வொன்றாக மனதில் எடுத்துப் பார்க்கிறேன். அவை இருக்கும் இடம் இனி அது ஒன்றுதான். சென்ற வாரம் மருதாணி இரவுக்கென்று தைத்த அந்தப் பச்சை உடுப்பில் தடுக்கிவிட்டேன். கடைசி ஃபிட்டிங்கில், பெண்ணின் உடம்பின்மேலேயே குண்டூசி குத்தி ஒரு மடிப்பு விட்டீர்களே. அவள் நடந்தபோது அது அவளுக்கு முன்னால் போனதுபோல் இருந்தது. நீங்கள்கூட ஊசியை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டீர்கள். அந்த மடிப்பு எந்தத் தோளிலிருந்து இறங்கியது என்று வரவில்லை. சாகுலைக் கேட்டேன். "துணி ஞாபகம் இருக்குக்கா. போட்டு நின்னதை நான் எங்க பாத்தேன்?" என்றான்.

இடமா, வலமா, மிஸ்? கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.