இரண்டு கோடு தள்ளி நின்ற முள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் வேலை செய்யும் கைக்கடிகாரப் பழுதுபார்க்கும் கடைக்கு நேற்று ஒரு பணக்காரர் வந்தார். அவர் கொண்டுவந்தது பந்தய நேரம் அளக்கும் கைக்கடிகாரம். விற்பனைக்கு முன் சோதனைக்குச் செய்த மூன்றில் ஒன்றாம். பட்டனை அழுத்தினால் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் இரண்டு கோடு தள்ளி நின்றது. துடைக்கத்தான் கொடுத்தார், நான் அதையும் சரிசெய்துவிட்டேன்.

“கெடுத்துட்டியேம்மா! அந்தக் கோளாறாலதான் இதுக்கு மதிப்பே!” என்று குதித்தார்.

தலையெழுத்தே என்று பழைய கோளாறை மறுபடி உண்டாக்கிக் கொடுத்தேன். கடிகாரத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு போகிறது, கிறுக்கு!

வேலைக்கு நேரமாகிறது. நம் சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறதென்று பழுதுபார்க்கக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். நான் வரும்வரை யாரையும் தொடவிடாதீர்கள். அது அப்படியே முந்தி ஓடட்டும்.

உங்கள் மகள்