மேல் பாதிக் கான்

மாப்ள, காய்ந்த மானாப்புல் எரிகிற வாசனை வீடு வரை வருகிறது. பொட்டலில் அந்த நெருப்பில் தப்பு மேளம் காய்ச்சுகிறார்கள். மாசிப் பிறை கண்டு மூன்றாம் நாள், இன்று கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றுகிறோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் நடந்ததை உனக்கு உடனே எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

அந்தக் காலத்தில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்ட என்னை மிஞ்சின ஆள் கிடையாது என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்தது உனக்குத் தெரியும். நீ தப்பைத் தொட்டால்தான் என் கால் எழும் என்பதும் உனக்குத் தெரியும். அதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மழைத்தண்ணீர் ஓடுகிற பெரிய கானைச் சுத்தம் பண்ணச் சொல்லிக் கங்காணி நம் இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்தார். கீழ்ப் பாதி உனக்கு, மேல் பாதி எனக்கு. நீ ஒன்றரை நாளில் முடித்துவிட்டாய். நான் கூத்துக்குக் காப்புக் கட்டியதைச் சாக்காக்கினேன்.

"விரதக்காரன் கான் அழுக்குல எறங்கலாமா மாப்ள? கூத்து முடியட்டும்."

"நீ காப்புக் கட்டுனது மழைக்குத் தெரியுமா? குடு, ஒன் பங்கையும் நானே வெட்டிர்றேன்."

"வேணாம். என் வேலைய நீ செஞ்சா நாலு பேர் சிரிப்பாங்க."

என்ன திமிர் எனக்கு!

வேலை கொடுத்த நாலாம் நாள் பொழுது சாயும் நேரம், பொட்டலில் நீ அடிக்க நான் ஆடிக்கொண்டிருந்தபோது கொட்டியது மழை. மேல் பாதி சருகும் மண்ணுமாக அடைத்துக் கிடக்க, தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு லயத்தின் கடைசி வீட்டில் மோதியது. உன் காம்பரா. உள்ளே உன் மகள் செல்லாயி தூங்கிக்கொண்டிருந்தாள். ரதிச் சேலையோடு நான் உன் பின்னாலேயே ஓடினேன். சாய்கிற சுவரை நீ முட்டுக் கொடுத்து நிறுத்த, நான் பிள்ளையைத் தூக்கி வெளியே வந்தேன். அடுத்த நொடி சுவர் உன் வலது கைமேல் விழுந்தது. மூன்று விரல் போயிற்று. தப்பும் போயிற்று.

கங்காணி வந்து யார் பங்கு அடைத்தது என்று கேட்டார். நீ கையில் சுற்றிய துணியோடு, "ரெண்டு பேருமே விட்டுட்டோமுங்க" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு விட்டதுதான் ஆட்டம். இடுப்புப் பிடிப்பு என்று ஊரை நம்பவைத்தேன்.

மறுவருடம் மாசியில் நான் தனியாக மம்பட்டியோடு கானில் இறங்கினேன். கான் சுத்தமாகாமல் யாரும் காப்புக் கட்டக்கூடாது என்று சண்டை பிடித்தேன். வருடம் போகப் போக அது சடங்காகவே ஆகிவிட்டது. இப்போது மம்பட்டிக்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள், பாட்டன் பூட்டன் காலத்து வழக்கமாம். நீ இருந்தபோதும் இதைப் பார்த்துச் சிரிப்பாயே தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்று காலை எல்லாரும் கானில் நிற்கும்போது, இந்த வருடம் ரதி கட்டுகிறவன் கேட்டான். "காமனுக்கும் கானுக்கும் என்னங்க சம்பந்தம்?"

சொல்லிவிட்டேன், மாப்ள. மேல் பாதி என்னுடையது, உன் விரல் போனது என்னால்தான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நான் தூக்கிவந்த அந்தச் செல்லாயி, இன்று இரண்டு பிள்ளைக்குத் தாய், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா. அப்பா சாகுறதுக்கு முந்தி சொல்லிட்டாரு. நீங்களாச் சொல்ற வரைக்கும் கேக்கக்கூடாதுன்னாரு."

"வேற என்ன சொன்னான்?"

"சொல்லிட்டான்னா, இனி ஆடச் சொல்லுன்னாரு."

அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன். நீ போய் மூன்று வருடம் ஆகிறது, இன்னமும் எனக்காகத் தப்பைக் காய்ச்சி வைத்துக் காத்திருந்திருக்கிறாய். முழங்கால் இரண்டும் வலிக்கிறது, மூச்சும் முன்போல இல்லை. செல்லாயி தன் கல்யாணச் சேலையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். கட்டிக்கொண்டு போகிறேன்.