நெய் ஊற்றாத பாஸ்தா

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. கரியமாணிக்கத்தில் நானும் அப்பாவும் உன் தம்பி புகழ்வேந்தனும் நலம், பசுவும் கன்றும்கூட நலம்தான், பிரான்சில் நீயும் குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிக்காதே. போனை எடுத்தாலே உங்கப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், பேசவும் மாட்டார், எழுந்து போகவும் மாட்டார், அதனால் புளி, மிளகாய்த்தூள் பார்சலோடு இதையும் வைக்கிறேன். இந்த வருஷம் மழை நல்லபடியாகப் பெய்தது, நடவு முடிந்தது, கரும்பு ஆளுக்கு மேல் நிற்கிறது.

பொங்கலுக்கு வருகிறாயா என்று கேட்டால் பார்க்கலாம்மா என்கிறாய். போன பொங்கலுக்குப் பால், தயிர், நெய் எதுவும் தொடமாட்டேன் என்று நீ பொங்கலைக்கூட வாயில் வைக்காததும், நம்ம மாட்டுப் பாலு ஒனக்கு வெஷமாடி என்று அப்பா கத்தியதும், சொன்ன தேதிக்கு முன்னாலேயே நீ கிளம்பிப் போனதும் எனக்கு மறக்கவில்லை. நீ வந்தால் வயிறு நிறையச் சாப்பிட நம் வீட்டில் ஒன்றாவது இருக்கட்டும் என்று, நீ அங்கே அடிக்கடி செய்கிற அந்தப் பாஸ்தாவில் இறங்கிவிட்டேன். புகழ் பாண்டியிலிருந்து பாக்கெட் வாங்கி வந்தான். முதல் தடவை சோறு வடிக்கிற மாதிரியே மூடி போட்டுச் சாய்த்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன், வந்து பார்த்தால் எல்லாம் ஒரே கட்டி, கரண்டியே இறங்கவில்லை. பசு மட்டும் தின்றுவிட்டு இன்னும் இருக்கா என்று என் முகத்தைப் பார்த்தது.

விடுவேனா, ஞாயிற்றுக்கிழமை மறுபடி வைத்தேன். வெங்காயம், பூண்டு, தக்காளி, கேரட், தோட்டத்துக் கத்தரிக்காய் எல்லாவற்றையும் கடலை எண்ணெயில் வதக்கி, பாதியை மிக்ஸியில் அடித்து, பாதியை அப்படியே விட்டு, மிளகு தட்டிப்போட்டு, பாஸ்தா வெந்த கையோடு வடித்து அதில் புரட்டினேன். வயிற்றுக்கு லேசு, வாசமும் தூக்கலாக இருந்தது. அப்பா எட்டிப் பார்த்து இன்னா இது, கொழாய் கொழாயா கீது என்றார், ஆனாலும் அடுப்படியை விட்டு நகரவில்லை. இறக்கும்போது பழக்கதோஷம், கை தானாக நெய்க் கிண்ணத்துக்குப் போய்விட்டது, ஒரு கரண்டி நெய் விடாமல் யாருக்கும் பரிமாற எனக்கு மனசு வராதே. உங்கப்பா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நெய் ஊத்தாதடி, பொண்ணு சாப்ட மாட்டா என்றார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் ஒன்றும் நடக்காத மாதிரி இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மிளகாய்த்தூளைப் பார்சல் பிரித்ததுமே டப்பாவில் கொட்டி வை, வாரத்துக்கு ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி கண் விழிக்காதே. உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க நம் குலசாமி துணையிருக்கட்டும். முக்கியமானதை எழுதாமல் விட்டேன் பார், அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே, தேங்காப்பாலு வுட்டா பொங்கல் பொங்குமா என்று கேட்டார். நான் வைத்ததே இல்லை, ஆனாலும் பொங்கும் என்று சொல்லிவிட்டேன். உங்கப்பாவுக்கு இதற்கு மேல் கூப்பிடத் தெரியாது பிரியா, டிக்கெட்டைப் போடு.

உன் அம்மா,
செல்வகுமாரி பலராமன்