நான் குறை சொன்ன ரிவால்வர்

செப்டம்பர் 11, 1993. சனி.

நூற்று நாற்பது டாலர்! இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

காலையில் ஃப்ரீமாண்ட் துப்பாக்கிச் சந்தைக்குத் தனியாகப் போனேன். யூஜீன் வரவில்லை, அறுவடை வண்டிக்கு பெல்ட் மாற்ற வேண்டுமாம். நல்லதாகப் போயிற்று. புருஷன் பக்கத்தில் நின்றால் விலை சொல்கிறவன் அவரிடமே பேசுகிறான். துப்பாக்கிக்கும் யூஜீனுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவனுக்கு யார் சொல்வது?

ஏதோ ஓர் ஊர்ப் போலீஸ் எல்லோருக்கும் புதுத் தானியங்கித் துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டுப் பழைய ரிவால்வர்களை மொத்தமாகத் தள்ளிவிட்டிருக்கிறது. ஒரே மேசையில் முப்பத்தொன்று. எல்லாம் நூற்று அறுபத்தைந்து. நான் போவதற்குள் பளபளப்பானவற்றை ஆம்பளைகள் பொறுக்கிவிட்டார்கள். பளபளப்பை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? ஒவ்வொன்றாக எடுத்தேன். தோட்டா உருளையைத் திறந்து காலிதானா என்று பார்த்தேன். கட்டைவிரல் நகத்தில் வெள்ளைக் காகிதத் துண்டை வைத்துக் குழலுக்குள் பார்த்தேன். உருளையைப் பிடித்து ஆட்டினேன். மேசைக்காரனைக் கேட்டுவிட்டு விசையை மெல்ல, மெல்ல இழுத்தேன். பதினேழாவதில் கை நின்றுவிட்டது.

குழல்முனையில் நிறமே இல்லை, வெறும் இரும்பு. பிடியில் ஒரு கீறல். பார்க்க அசிங்கம். ஆனால் அது உறையில் போட்டு எடுத்துத் தேய்ந்த தேய்மானம், சுட்டுத் தேய்ந்தது இல்லை. குழலுக்குள் கண்ணாடி போல இருந்தது. விசையோ வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. எந்தப் போலீஸ்காரனோ இருபது வருஷம் ராத்திரி வேலையில் உட்கார்ந்து, பொழுது போகாமல் காலித் துப்பாக்கியை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறான். அவன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பிடிக் கீறலைக் காட்டி இருபத்தைந்து டாலர் குறைத்தேன். துப்பாக்கி வாங்க ஷெரீப் ஆபீஸ் கொடுத்த சான்றுச் சீட்டைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, வாங்கியே விட்டேன்.

செப்டம்பர் 12, ஞாயிறு.

தேவாலயப் பூசை முடிந்ததும் மேய்ச்சல் நிலத்து மண்மேட்டுப் பக்கம் போய்ச் சுட்டேன். அறுபது தோட்டா. கட்டைவிரல் வலிக்கவில்லை.

இதைத் திரும்ப எழுதுகிறேன். வலிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் மாவு பிசைந்து பிசைந்து இந்தக் கட்டைவிரல் மூட்டு போய்விட்டது. தானியங்கியின் மேற்பாகத்தை இழுக்க முடிவதில்லை. சாதாரண ரிவால்வர் விசையே இருபது தடவை இழுத்தால் ராத்திரி ஐஸ் கட்டி வைக்க வேண்டும். போன வருஷத்தோடு சுடுவதை விட்டுவிடலாம் என்றே இருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. இப்போது இது கிடைத்திருக்கிறது.

செப்டம்பர் 19, ஞாயிறு.

ஒரு காரியம் செய்துவிட்டேன். சரியா தப்பா தெரியவில்லை.

அக்டோபரில் எங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தில் ‘இருநூறு டாலர் போட்டி’. இருநூறுக்கு மேல் விலை கொடுத்த துப்பாக்கியைக் கொண்டுவரக் கூடாது. பணக்காரன் பணத்தால் ஜெயிக்காமல் இருக்க இன்னொரு விதியும் உண்டு. முதல் மூன்று இடத்தில் வருகிறவர்கள், யார் கேட்டாலும் தங்கள் துப்பாக்கியை இருநூறுக்கே கொடுத்துவிட வேண்டும். கேட்கிறவன், போட்டி தொடங்குவதற்கு முன்பே யார் துப்பாக்கி வேண்டும் என்று சீட்டு எழுதிக் காப்பித்தூள் தகர டப்பாவில் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லை என்று சொன்னால் ஆயுசுக்கும் கழகப் பக்கம் வர முடியாது.

பதினோரு வருஷமாகச் சுடுகிறேன். நாலாவது இடம் மூன்று தடவை. இந்த ரிவால்வரை வைத்து ஜெயிக்கலாம். ஜெயித்தால் போய்விடும்.

இன்று கழகத்தில் லூமிர் பொஸ்பிசில் பார்த்துவிட்டான். தானியக் கிடங்குக்காரன், பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குப் போட்டி. ஐந்து தடவை ஜெயித்தவன்.

“என்ன அடலின், புதுசா? குடு பாப்போம்.”

கொடுக்கவில்லை. “அதை ஏன் கேக்கிற, ஏமாந்துட்டேன்ப்பா. உருளை ஆடுது. ஈயம் தெறிக்குது. நூத்தி நாப்பது தண்டம்”னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் காது கேட்கத்தான் சொன்னேன், யாரும் இதற்குச் சீட்டு எழுதக் கூடாதே. கீறின பிடியில் கறுப்பு டேப்பும் சுற்றி வைத்திருந்தேன்.

லூமிர் தாடையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

செப்டம்பர் 20.

யூஜீனிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். “உன் கண்ணைப் பத்திப் பெருமை பேசாம உன்னால ஒரு வாரம் இருக்க முடியுமாடி?” முடியும் என்றேன்.

அக்டோபர் 6, புதன்.

முடியவில்லை.

தேவாலயக் கூடத்தில் கொலாச்சி ரொட்டி விற்பனை. நான் பிளம் பூரணம் வைத்துக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் வயோலா. அவள் வீட்டுக்காரர் ராத்திரி லாரி ஓட்டுகிறவர், அதனால் ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் என்று போன மாதம்தான் என்னைக் கேட்டிருந்தாள். பார்த்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

“அடலினுக்குக் கண்ணு மங்கிப்போச்சு பாவம். நூத்தி நாப்பது குடுத்து ஓட்டை ஒடசலை வாங்கிட்டு வந்திருக்கா. நான் லூமிரையே கேட்டுக்கறேன்.”

லூமிரையா! எழுநூறு டாலர் கொடுத்தால் யாருக்குத்தான் நல்ல துப்பாக்கி கிடைக்காது? நூற்றைம்பதுக்குள் நம்பி வாங்க வேண்டுமென்றால் இந்த ஊரில் யாரைக் கேட்டார்கள் இத்தனை நாள்? பாதிரியாரின் தங்கைக்கு நான். தபால்காரருக்கு நான். கிழக்குப் பண்ணையில் மூன்று வீட்டுக்கு நான். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒன்றுகூட!

பூரணத்தைக் கொஞ்சம் அதிகமாகவே அமுக்கிவிட்டேன். நாலு ரொட்டி வீண்.

அக்டோபர் 16, சனி.

முடிவு செய்தாயிற்று. நாலாவது இடம். நாலாவதில் வந்தால் யாரும் கேட்க முடியாது, கௌரவமும் போகாது. அங்கங்கே ஒரு குறியைத் தவறவிட்டால் போதும். எனக்குப் பழகிய இடம்தானே?

அக்டோபர் 17, ஞாயிறு.

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காற்று வடக்கிலிருந்து. பதினெட்டுப் பேர். வரிசைக்கு ஆறு இரும்புத் தட்டு, ஐந்து சுற்று. முதல் சுற்றில் ஐந்தை வீழ்த்தி, ஆறாவதை வேண்டுமென்றே விட்டேன். இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி மண்ணில் போட்டேன். திட்டப்படி.

திரும்பி வந்தால் நேரம் பார்க்கிற எட் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “அடலின், தப்பா நெனைக்காதே. என் வண்டில இன்னொண்ணு இருக்கு. அதை வெச்சு சுடறியா? பாவம், அதைக் கட்டிட்டு அழறியே”ன்னான்.

பாவமாம்!

நல்ல மனுஷன்தான், நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். ஆனால் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. யாரைப் பார்த்துப் பாவம் என்கிறாய்? மேசையில் முப்பத்தொன்று இருந்தது, அதில் எது தங்கம் என்று கையால் தொட்டுச் சொன்னவளடா நான். டேப்பைப் பிய்த்து எறிந்தேன். “எனக்கு இதுவே போதும் எட். நீ கடிகாரத்தைப் பாரு”ன்னேன்.

இரண்டாவது சுற்று ஆறு. மூன்றாவது ஆறு. நாலாவதில் பின்னால் பேச்சு நின்றுவிட்டது. துப்பாக்கி போகப்போகிறது என்று தெரிந்தேதான் ஒவ்வொன்றையும் இழுத்தேன். விசை கையை ஏமாற்றவே இல்லை. ஐந்தாவது சுற்றில் கடைசித் தட்டு விழுந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முப்பதுக்கு இருபத்தொன்பது. லூமிர் இருபத்தெட்டு. முதல் இடம், பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

எட் தகரத்தைக் கவிழ்த்தான். லூமிரின் துப்பாக்கிக்கு ஏழு சீட்டு. மூன்றாவதாக வந்தவனுக்கு இரண்டு. எனக்கு ஒன்றும் இருக்காது, இத்தனை நாள் திட்டியது வீண்போகவில்லை என்று நினைத்து மூச்சு விடப்போனேன். தகரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒன்று இருந்தது.

‘அடலினுடையது. லூமிர் பொஸ்பிசில்.’

“எப்படிடா?” என்றேன்.

“நாப்பது வருஷமா உன்னைத் தெரியும். வாங்கின துப்பாக்கியை நீ குறை சொல்லி ஒரு நாள் கேட்டதில்ல. குறை இருந்தா நீ வாங்கியே இருக்கமாட்டியே! நீ அன்னிக்குத் திட்டினதும் இங்க எல்லாரும் உன்னைப் பாத்துப் பாவப்பட்டாங்க. நான் வீட்டுக்குப் போய் எரநூறை எடுத்து வெச்சேன்.” அப்புறம் காதருகே குனிந்து, “மொதச் சுத்துல விட்டது, வேணும்னே விட்டதுதானே?” என்று கேட்டான்.

அவனுடைய சான்றுச் சீட்டைப் பார்த்தேன், உருளையைத் திறந்து காலி என்று காட்டினேன், கொடுத்தேன். விதி விதிதான்.

வயோலா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அடலின், எனக்கு ஒண்ணு பாத்துத் தருவியா?”

“லூமிரைக் கேளேன்” என்றேன். பிறகு, சரி, பார்க்கிறேன் என்றும் சொன்னேன்.

அக்டோபர் 18.

பெட்டி காலி. சமையலறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். ஆனால் இருபத்தொன்பது.

நவம்பர் 25, வியாழன்.

நன்றி செலுத்தும் பண்டிகை நாள். லூமிர் ஒரு வாத்தை உரித்து வாசலில் வைத்துவிட்டு மணியடித்துவிட்டுப் போயிருக்கிறான். இன்னும் அவனோடு பேச்சு இல்லை. வாத்து நன்றாக இருந்தது.

பிப்ரவரி 5, 1994. சனி.

பூஜ்யத்துக்குக் கீழே குளிர். விரல் மடங்கவில்லை. லிங்கன் நகரத்துக்கு யூஜீன் கூட்டிப்போனார். அடகுக் கடை. கண்ணாடிப் பெட்டியில் எல்லாம் முந்நூறு, நானூறு. வெளியே வரும்போது கல்லாப் பக்கம் ஒரு அட்டைப்பெட்டி. துருப்பிடித்த பூட்டு, மீன்பிடிச் சக்கரம், அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றின ஒன்று.

“அது ஓடாதும்மா. உருளை சுத்தவே மாட்டேங்குது. எழுவத்தஞ்சு குடுத்துட்டு எடுத்துக்கோ” என்றான் கடைக்காரன்.

திறந்து பார்த்தேன். உருளைத் தண்டின் திருகு கழன்று, தண்டு அரை நூல் அளவு வெளியே வந்திருந்தது, அதனால்தான் சிக்குகிறது. உள்ளே பழைய எண்ணெய் காய்ந்து கோந்தாகி இருந்தது. வேறு ஒரு கேடும் இல்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். சான்றுச் சீட்டைக் காட்டி, எழுபத்தைந்தைக் கொடுத்தேன், பேரம்கூடப் பேசவில்லை. வண்டியில் ஏறின பிறகுதான் யூஜீன் தொடையில் ஓங்கி அறைந்தேன்.

“வலிக்குதுடி!”

“வலிக்கட்டும்!”

பிப்ரவரி 9.

கழுவி, திருகை முடுக்கி, எண்ணெய் போட்டேன். பாட்டுப் பாடுகிறது. விசை பழையது அளவுக்கு இல்லை. ஆனால் என் விரலுக்குப் போதும். இரண்டு வாரம் தினமும் காலியாக நூறு தடவை இழுத்தால் அதுவும் வழிக்கு வரும்.

ஏப்ரல் 10, ஞாயிறு.

அடுத்த ஞாயிறு வசந்தப் போட்டி. இந்தத் தடவை பொய் கிடையாது. அந்த ஒரு மாதம் என் கண்ணை நானே இழிவாகப் பேசினது இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது. கழகத்தில் எல்லோரிடமும் உள்ளதைச் சொன்னேன். “எழுபத்தஞ்சு டாலர். இதைவிட நல்லது இந்த வருஷம் நீங்க பாக்கப்போறதில்ல. இழுத்துப் பாருங்க” என்று நானே கையில் கொடுத்தேன். போனால் போகட்டும், இன்னொன்றைத் தேடிக்கொள்ளத் தெரியாதா எனக்கு?

எட் என்னையே சந்தேகமாகப் பார்த்தான். “போன தடவை திட்டினே, அது தங்கம். இப்ப தலைல தூக்கி வெச்சு ஆடறே. அப்ப இது தகரமாத்தான் இருக்கும்!”

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். லூமிர் மட்டும் வாங்கி, இழுத்து, இன்னொரு தடவை இழுத்து, திருப்பிக் கொடுத்தான்.

ஏப்ரல் 17, ஞாயிறு.

முப்பதுக்கு முப்பது.

தகரத்தில் எனக்கு ஒரு சீட்டுகூட இல்லை. எட் தகரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான். கூட்டம் மொத்தமும் தலையில் அடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை, துப்பாக்கி என்னிடமே.

ஆனால் லூமிருக்குத் தெரியும். அவன் நம்பினான், அது அவன் இழுத்துப் பார்த்தபோதே தெரிந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்து நிறுத்தினேன். ஆறு மாதத்தில் நானாகப் பேசிய முதல் பேச்சு.

“ஏன் போடலை?”

சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்துக் காட்டினான். என் பேர், அவன் பேர், எல்லாம் எழுதியிருந்தது. “எழுதிட்டேன். தகரம் வரைக்கும் போனேன். இதையும் எடுத்தா சாகற வரைக்கும் நீ என்கூடப் பேசமாட்டே. என் மக மிலாடா ஒமாஹால நர்ஸ், ராத்திரி வேலை. அவளுக்கு ஒண்ணு வேணும். கைல எரநூறுதான் இருக்குங்கறா. உன்கூட பேச்சு இல்லேன்னா நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன் அடலின்?”

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க என்ன இருக்கிறது?

ஏப்ரல் 23, சனி.

ஃப்ரீமாண்ட். லூமிர் வண்டியில் அவன், மிலாடா, நான். எட், வயோலா இரண்டு பேரும் இன்னொரு வண்டியில் பின்னாலேயே வந்துவிட்டார்கள். நான் எந்த மேசையில் நின்றாலும் அங்கே ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். நான் எடுத்துப் பார்த்துக் கீழே வைத்ததை ஒருவரும் தொடவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன், ஆனால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

வயோலாவுக்கு ஒன்று, நூற்று முப்பது. மிலாடாவின் கை சின்னது, அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நாற்பதாவதோ என்னவோ. குழல், உருளை, விசை, எல்லாம் பார்த்து மூடி, மிலாடா கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, “இது” என்று லூமிரிடம் நீட்டினேன்.

ஓட்டலில் முட்டை வேகவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்புகிற மனுஷன் அவன். துப்பாக்கியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேசைக்காரனிடம், “இது எங்க அடலின் எடுத்தது. என் மகளோட சான்றுச் சீட்டு இந்தா, எழுது” என்றான்.

திறந்து பார்க்காமல் துப்பாக்கியைக் கையில் வாங்குகிறவன் முட்டாள் என்று அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் அவனைத் திட்டினேன். வீடு வந்து சேரும் வரை என் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.