முதலாவதாய் நீ எழுதிய பெயர்

இன்று மத்தியானம் தபால்காரி நம் நிறுவனத்தின் சாமான் கிடங்கான லாகருக்குள் வந்து, உன் பெயர் எழுதிய தடித்த உறை ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிரிக்காமலே தெரிந்தது. ஒவ்வொரு சித்திரையிலும் அமெரிக்காவிலிருந்து உனக்கு வரும் அந்தச் சஞ்சிகைதான். பல்கலைக்கழகங்களில் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடி முடித்த பொடியன்களில் எவனை எந்தத் தொழில்முறை அணி எடுக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக அலசுவார்களே, அது. நீ போய் ஐந்து மாதமாகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? "மச்சான், உனக்குத் தபால்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகுதான் நாற்காலியைப் பார்த்தேன்.

உறையைப் பிரித்து இரண்டு பக்கம் வாசித்தேன். நம் அணி பந்து எறிகிற ஒருவனை எடுக்க வேண்டுமாம். "விசர்க்கதை" என்று சத்தமாகவே சொன்னேன். எதிர்த்துக் கதைக்க ஆளில்லை. தனியே சண்டை பிடிப்பதில் ஒரு சுகமும் கிடையாது.

இந்தப் பைத்தியம் நம்மைப் பிடித்த நாள் உனக்கு நினைவிருக்கும். வீடு மாற்றும் நிறுவனத்தின் லொறியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நீ மன்னார், நான் யாழ்ப்பாணம். ஜெர்மனிக்கு, இந்த டுசல்டோர்ஃபுக்கு வந்த பிறகுதான் பழக்கம். அந்த நாட்களில் இங்கே வந்து ஃபுட்போல் ஆடிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்கனின் வீட்டை மாற்றப் போனோம். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற மனிதன். குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கப்போன என்னை மெல்ல விலக்கிவிட்டு அவனே கீழ்ப்பக்கத்தைப் பிடித்தான். மேல்பக்கம் நீ. மூன்று மாடி இறங்கி வந்ததும், மூச்சு வாங்க வாங்க நீ சொன்னது அவனுடைய பலத்தைப் பற்றி அல்ல.

"மச்சான், அவன் கால் வைச்ச மாதிரியைப் பாத்தனியோ? ஒரு படியையும் காலாலை தேடேல்லை."

அவன் கொடுத்த இரண்டு நுழைவுச்சீட்டுகளோடு அடுத்த கிழமையே ஆட்டம் பார்க்கப் போனோம். நான் பந்தைப் பார்த்தேன். நீ பந்து வைத்திருக்காத ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆட்டத்தை விட டிராஃப்ட்தான் உன்னைக் கட்டிப்போட்டது. வருடத்துக்கு ஒரு தடவை எல்லா அணிகளும் முறை வைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும். அந்த வருடம் எல்லாரிடமும் தோற்ற அணிக்குத்தான் முதல் முறை. இதை எங்கோ வாசித்துவிட்டு வந்த காலை, தேநீரைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு பேசினாய். "கடைசியா வந்தவனுக்கு முதல் தெரிவாம். உலகத்திலை வேறை எங்கையடா இப்பிடி நடக்குது? நாங்கள் எந்த லைனிலை நிண்டாலும் முன்னுக்கு நிண்டவன் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போனவன்தானே." வெளிநாட்டவர் அலுவலகத்தின் நடைபாதையில் இலக்கத் துண்டோடு நின்ற காலம் நம் இருவருக்கும் அப்போது அதிக தூரத்தில் இல்லை. அன்றைக்கே பட்டியலின் அடியில் கிடந்த அணியை நம்முடைய அணி ஆக்கிக்கொண்டோம். அவர்களும் இன்றுவரை நம் நம்பிக்கையைக் கெடுக்கவில்லை, அடியிலேயே கிடக்கிறார்கள்.

பிறகு ஒவ்வொரு மாசியிலும் சண்டை தொடங்கிவிடும். வீட்டுச் சாமான்களைக் குறிக்கிற படிவத்தின் பின்பக்கத்தில் ஆளுக்கு ஐந்து பெயர் எழுதி, லொறிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுவோம். சட்டம் நீ போட்டது: காரணத்தை மற்றவனுடைய முகத்துக்கு நேரே சொல்லாமல் ஒரு பெயரையும் எழுதவோ வெட்டவோ கூடாது. தோற்றவன் மற்றவனுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு இறைச்சி ரோல்ஸ் கொண்டுவர வேண்டும். உன் மனைவி றெஜினாவின் ரோல்ஸை நான் சாப்பிட்டதைவிட என் வீட்டு ரோல்ஸை நீ சாப்பிட்டதுதான் கூட. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஓடுகிறவர்கள்தான் வேண்டும். பந்தைப் பிடித்துக்கொண்டு காற்றாய்ப் பறக்கிற பொடியன்கள். உனக்கு முன்வரிசை, எறிகிறவனுக்கு முன்னால் நின்று மறிக்கிற பருத்த உடம்புக்காரர்கள். "பந்தோடை ஓடுறவனை ஊரே பாக்கும். முன்னாலை நிண்டு இடி வாங்கிறவனை அவன்ரை அம்மாதான் பாப்பா" என்பாய். "அப்ப நீ ஆர், அம்மாவோ?" என்று நான் கேட்பேன். ஆஹென் நகரில் ஒரு மாணவனின் சலவை இயந்திரத்தை நான்காம் மாடிக்கு ஏற்றியபோது, கீழ்ப்பக்கத்தில் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு நடுப்படியில் நின்று, "உன்ரை மூண்டாவதை வெட்டு. அவனுக்கு இடுப்புப் பணியாது, உன்னை மாதிரி" என்றாய். கோயம்புத்தூர்ப் பொடியன், பாவம், மேலே கதவைப் பிடித்தபடி, "அங்கிள், நீங்க ரெண்டு பேரும் கோச்சா?" என்று கேட்டான். நீ சிரித்த சிரிப்பில் இயந்திரம் ஒரு படி கீழே வந்தது.

கீழ்ப்பக்கம் எப்போதும் நீதான். மேலே இருக்கிறவன் வழி பார்த்தால் போதும். கீழே இருக்கிறவன்தான் கனத்தைத் தாங்க வேண்டும். இருபது வருடத்தில் அதை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு தடவையும் தோன்றவில்லை.

இவ்வளவும் சுற்றி வளைத்து எழுதுவது ஐந்து வருடத்துக்கு முந்திய சித்திரைக்கு வரத் தயங்கித்தான். அந்த வருடச் சஞ்சிகையில் ஒரு முன்வரிசைப் பொடியன் இருந்தான். இரண்டு வருடம் சுவராய் நின்றவன். பிறகு முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை. எல்லாரும் அவனைப் பட்டியலின் அடிக்குத் தள்ளியிருந்தார்கள். நீ முதலாவதாய் எழுதினாய்.

அதே கிழமைதான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். பியானோ, இரும்புப் பெட்டகம் ஏற்றுவதற்கென்று ஒரு புதிய லொறி வாங்கியிருந்தார்கள். இரண்டே இரண்டு ஆட்கள். நான் மேற்பார்வையாளன் என்பதால் நான் அதில் நிச்சயம். "உன்னோடு யார் என்பதை நீயே எழுதித் தா, திங்கட்கிழமைக்குள்" என்றார். நீதான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அந்த மாரி முழுக்க நான் உன்னைக் கவனித்திருந்தேன். லொறியிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நிற்பாய். குனிந்தால் நிமிர நேரம் எடுக்கும். கேட்டால் "குளிர்தானடா" என்பாய். மாரெக் என்ற போலந்துக்காரன் புதிதாய் வந்திருந்தான். முப்பது வயது, நல்ல தேகம். முதலாளி தந்த தாள் என் சட்டைப்பைக்குள் இருக்க, வுப்பர்டால் போகும் வழியில் அந்தப் பொடியனைப் பற்றி உன்னோடு வாதிட்டேன்.

"முதுகு வெட்டினவனை முதலாவதா எடுக்கிறதோ? விசரே உனக்கு?"

"டொக்டர் ஓம் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறார்."

"டொக்டரோ போய் இடி வாங்கிறது? அவன் ஒருக்காப் பிழை விட்டா எத்தினை பேருக்கு முறியும் தெரியுமோ?"

"அவனை ஆராவது கேட்டவங்களோ, உனக்கு ஏலுமோ எண்டு? எல்லாரும் எக்ஸ்ரேயைத்தான் பாக்கிறாங்கள்."

"கேட்டு என்ன? ஓம் எண்டுதான் சொல்லுவான். ஏலாது எண்டு ஆர் தன்ரை வாயாலை சொல்லுவான்?"

வேறு நாளென்றால் முன்பலகையில் அடித்துச் சத்தம் போட்டிருப்பாய். அன்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நான் அந்தப் பொடியனைப் பற்றிப் பேசவில்லை, மச்சான். உன்னோடு பேசப் பயந்து அவனை இழுத்து வைத்துப் பேசினேன். வாதத்தில் வென்ற துணிவில், திங்கள் காலை உன் முதுகைப் பற்றி முதலாளியிடம் சொல்லி, மாரெக்கின் பெயரை எழுதிக் கொடுத்தேன். நிறுவனத்தின் முடிவு என்று சொல்லி முதலாளி உன்னை லாகருக்கு மாற்றினார். பின்னேரம் நீ என்னிடம் வந்து, "இனி எனக்கு லாகராம். முதலாளி சொல்லிப்போட்டார்" என்றாய். நான், வெட்கம்கெட்டவன், "அப்பிடியோ?" என்றேன். ஒன்றும் தெரியாதவன் போல. உனக்கு ஏதும் ஆகிவிடும் என்று பயந்தது உண்மை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்தது அதைவிட உண்மை.

அடுத்த கிழமை நம் அணி என் பட்டியலில் இருந்த ஓட்டக்காரனை எடுத்தது. நீ சட்டப்படி ரோல்ஸ் கொண்டுவந்தாய். எனக்கு ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. முதுகு வெட்டின பொடியனைக் கடைசிச் சுற்றுகளில் வேறொரு அணி எடுத்தது. இரண்டு வருடம் அருமையாக ஆடினான், மூன்றாம் வருடம் முதுகு விட்டுவிட்டது, வீட்டுக்குப் போய்விட்டான். யார் சொன்னது சரி என்று அதற்கும் ஒரு வருடம் சண்டை பிடித்தோம். முடிவு கிடைக்கவில்லை.

பிறகு நம் வாதமெல்லாம் லாகர் மேசைக்கு மாறியது. ஒவ்வொரு சித்திரையிலும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வருவேன். நீ சஞ்சிகையை விரித்து, யாரோ ஒருவனுடைய தொடையைக் காட்டி, "இஞ்சை பார், இதெல்லோ கால்" என்பாய். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். நாலு சித்திரை அப்படியே போயிற்று.

இருதயம் உன்னை ஆஸ்பத்திரிப் படுக்கையில் போட்ட பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. றெஜினா தேநீர் வாங்கக் கீழே போன இடைவெளியில், "அந்த லொறி விசயம். முதலாளி இல்லை, நான்தான் எழுதிக் குடுத்தனான்" என்றேன். மூக்கில் குழாயோடு நீ சிரித்தாய்.

"ஓம், தெரியும். அண்டைக்கே தெரியும். முதலாளிக்கு என்ரை முதுகைப் பற்றி என்ன தெரியும்? அதைப் பாத்தது நீ ஒருத்தன்தானே."

"பிறகேன்ரா இவ்வளவு நாளும் கேக்கேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டாய். "மாரெக்கை எடுத்தது சரிதான்" என்றாய். "ஆனா என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம்." அதற்குள் றெஜினா தேநீரோடு வந்துவிட்டார். மழையைப் பற்றியோ எதைப் பற்றியோ பேசினோம். இரண்டு கிழமையில் நீ போய்விட்டாய்.

போன திங்கட்கிழமை முதலாளி மறுபடியும் என்னிடம் ஒரு தாளைத் தந்தார். பெரிய லொறிகளுக்கு ஆட்களை மாற்ற வேண்டுமாம். அந்த ஆட்களில் ஒருவன் தெக்லே, எரித்திரியாக்காரன், ஐம்பதைத் தாண்டியவன், பன்னிரண்டு வருடமாய் நம்மோடு இருக்கிறவன். உனக்கும் நல்ல பழக்கம். சில மாதமாய் முழங்கால் சரியில்லாததை நொண்டாமல் மறைத்துக்கொண்டு திரிகிறான். முன்பென்றால் பெயரை வெட்டிவிட்டு, சொல்கிற வேலையை முதலாளியிடம் விட்டிருப்பேன். இந்தத் தடவை அவனை இங்கே லாகருக்குக் கூட்டிவந்து, மடித்து அடுக்கிய போர்வைகள்மேல் இருத்தி, உன்னால் முடியுமா என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் நேரே கேட்டேன். முடியும் என்று சொல்லுவான், அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தெக்லே முழங்காலைக் கையால் பொத்தினான். பிறகு, "முடியாது" என்றான். "போன வருடத்திலிருந்தே முடியாது. யாராவது கேட்பார்கள் என்று இருந்தேன்." அழவில்லை, பெரிய பெட்டி ஒன்றை இறக்கி வைத்தவன் மாதிரி தோளைத் தளர்த்தினான். லொறியில் தன் இடத்துக்குப் பொருத்தமானவன் யார், அவன் எப்படித் தூக்குவான், எங்கே அவசரப்படுவான், முதல் மாதம் எதற்கு அவனைக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் அவனே சொன்னான். ஒரு கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு உன் நாற்காலியில் போய் இருந்தேன். யாருடைய கால் எங்கே நிற்கிறது, யாருக்கு இடுப்புப் பணியும் என்று உன்னைவிடத் தெரிந்தவன் இந்த நிறுவனத்தில் ஒருவனும் இருந்ததில்லை. கேட்டிருந்தால் நீ கொஞ்சம் கோபித்திருப்பாய். இரண்டு நாள் முகம் தந்திருக்க மாட்டாய். மூன்றாம் நாள் வந்து மாரெக்கின் பெயரை நீயே சொல்லியிருப்பாய், மச்சான். நான் வாயைத் திறந்திருந்தால் போதும்.